லைனருக்குள் அடைபட்ட களிம்பு: வன்னியில் செயற்கைக் கால் அணியும் ஒருவரின் தோல்நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

நான் வன்னியில் ஒரு கிராமப்புற வைத்தியசாலையின் மருந்தாளர். இங்கே எழுதுவது எங்கள் மருந்து யன்னலுக்கு வந்த ஒருவருடைய கதை. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயரும் ஊரும் அடையாளம் காட்டக்கூடிய பிற விபரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. செயற்கைக் கால் அணிவோர் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு களிம்பை எழுதிக் கொடுப்பவரும் எடுத்துக் கொடுப்பவரும் பூசிவிடுபவரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னணி

அவருக்கு நாற்பத்தேழு வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலும் வீட்டோடு ஒரு தோட்டமும் செய்கிறார். 2009 இன் தொடக்கத்தில் எறிகணை பட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. அதன்பின் பல வருடங்கள் பருத்திக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, அதன்மேல் கடினமான சொக்கற் (எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற பகுதி) கொண்ட செயற்கைக் காலைப் போட்டு வந்தார். காலுறை வியர்வையை உறிஞ்சும். நனைந்தால் மாற்றலாம். உரசல் புண் அவ்வப்போது வந்தாலும் அரிப்பு என்று அவர் எங்களிடம் வந்ததில்லை.

இந்த நிகழ்வுக்கு ஏறத்தாழ ஒன்றரை வருடம் முன்பு அவருக்குச் சிலிக்கன் லைனருடன் கூடிய புதிய கால் கிடைத்தது. லைனர் என்பது எஞ்சிய காலின் மேல் உருட்டி ஏற்றப்படும், தோலோடு ஒட்டி நிற்கும் மெத்தென்ற உறை. கால் கழன்று போகாது, நடை உறுதியாக இருக்கும், எலும்பு முனை குத்தாது. அவருக்கு அது பெரிய விடுதலை. வரம்பில் நின்று தண்ணீர் கட்டவும் லாண்ட்மாஸ்ரர் ஓட்டவும் முடிந்தது. விடிய ஐந்து மணிக்கு மாட்டினால் இரவு எட்டு மணிக்குத்தான் கழற்றுவார்.

சிலிக்கன் காற்றையும் வியர்வையையும் வெளியே விடாது. கச்சான் வீசும் மாதங்களில் மாலையில் லைனரைக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை கரண்டியில் ஊற்றுவது போல் ஒழுகும் என்று அவர் பின்னாளில் சொன்னார். இந்த ஒரு வரியை முதல் நாளே நாங்கள் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

மே முதல் ஜூலை வரை: ஒரு குழாய்க் களிம்பு

ஏப்ரல் கடைசியில் முழங்காலின் பின்மடிப்பில், லைனரின் மேல்விளிம்பு முடியும் இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவில் படை தோன்றியது. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து இருந்ததாக அவருடைய மனைவி நினைவுகூர்ந்தார். நகரத்தில் ஒரு கடையில் அதைச் சொல்லிக் கேட்டபோது சிறு குழாய் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துத் துண்டு எதுவும் கேட்கப்படவில்லை. அந்தக் குழாயில் பங்கசுக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, அவற்றோடு 0.05 வீத க்ளோபீட்டசோல். வெளிப்பூச்சு ஸ்டீரொயிட்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது இந்த க்ளோபீட்டசோல்.

இரண்டே நாளில் கடி, அதாவது அரிப்பு, நின்றது. சிவப்பு மங்கியது. நல்ல மருந்து என்று நம்புவதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஸ்டீரொயிட் அழற்சியை அடக்குகிறது. அழற்சிதான் கடியையும் சிவப்பையும் தருவது. ஆனால் படையை உண்டாக்கும் பங்கசை எதிர்க்க உடலுக்கு அந்த அழற்சியும் வேண்டும். அதை அடக்கிவிட்டால் பங்கசு தடையின்றிப் பரவும். இப்படி உருமாறிய படையை 1968 இல் பிரித்தானிய வைத்தியர்கள் இருவர் விபரித்து, மாறுவேடமிட்ட படை என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயரும் இட்டார்கள். வட்டமும் ஓரமும் அழிந்து, பார்ப்பவருக்கு எக்சிமா என்ற தோலழற்சி போலத் தெரியும்.

அவர் காலையில் லைனர் மாட்டுமுன் ஒருமுறை, இரவில் கழற்றியபின் ஒருமுறை என்று பூசினார். நிறுத்தினால் கடி திரும்பும், பூசினால் அடங்கும். பத்து வாரம் இப்படியே போனது. ஜூலை நடுவில் கையில் காசு இல்லாமல் குழாய் வாங்குவது நின்றது. நின்ற நாலைந்து நாளில் எஞ்சிய கால் முழுவதும் சிவந்து எரியத் தொடங்கியது. அப்போதுதான் எங்களிடம் வந்தார்.

முதல் வருகை: நாங்கள் எடுத்த முடிவு

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் கண்டது இதுதான்: முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் பரவிய சிவப்பு, மெல்லிய செதில், சொறிந்த கீறல்கள். வட்டமோ தெளிவான ஓரமோ இல்லை. சிவப்பு சரியாக லைனரின் எல்லையோடு நின்றது. லைனர் ஒத்துக்கொள்ளாமல் வந்த தோலழற்சி என்று முடிவெடுத்தார். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானது. முன்பு என்ன பூசினீர்கள் என்று கேட்டதற்கு, கடையில் வாங்கிய படைக் களிம்பு என்று அவர் சொன்னாராம். அந்தப் பதில் அத்துடன் விடப்பட்டது.

எழுதப்பட்டவை இரண்டு: 0.1 வீத பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கிறீம், நாளுக்கு இருமுறை. வறட்சிக்கு ஏக்குவஸ் கிறீம், தேவையான அளவு.

இரண்டையும் எடுத்துக் கொடுத்தது நான். எங்களிடம் இவை பெரிய சாடிகளில் வரும். சிறு பிளாஸ்டிக் டப்பிகளில் அள்ளிப் போட்டுக் கொடுப்போம். இரண்டும் வெள்ளை. இரண்டு டப்பியும் ஒன்றுபோல் இருக்கும். மூடியில் பேனையால் ஓர் எழுத்து. அன்று வரிசை கதவுக்கு வெளியே நின்றது. "காலையும் மாலையும் பூசுங்கள் அண்ணை, மற்றது எத்தனை முறையும் பூசலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். எங்கே பூசுகிறார், பூசிய பிறகு அந்த இடத்தை எது மூடும் என்று நான் கேட்கவில்லை. அவர் நீளக் காற்சட்டை போட்டிருந்தார், யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். எனக்கு முன்னால் இருந்தது மருந்துத் துண்டு மட்டுமே.

இரண்டாவது வருகை

மூன்று வாரம் கழித்து, ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில், ஊன்றுகோலில் வந்தார். கூடவே மனைவி. எஞ்சிய காலின் முன்பக்கத்தில், எலும்பு மேடிட்ட இடத்தில், தோல் கிழிந்து ஈரமாக இருந்தது. லைனரை உருட்டி இறக்கும்போது அதோடு சேர்ந்து உரிந்ததாம். பின்மடிப்பில் ஊதா நிறத்தில் நீளக் கோடுகள். தோல் சிகரெட் தாளைப் போல மெலிந்து, அடியில் இருந்த இரத்த நாளங்கள் தெரிந்தன. சிவப்பு இப்போது லைனரின் எல்லையைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது. அந்த மேல்விளிம்பில் மட்டும், பழைய படையின் ஓரம் ஒரு வில்லைப் போலத் தெரிந்தது.

ஏக்குவஸ் கிறீம் பூசினால் பத்து நிமிடம் எரியும் என்றார். எரிந்தும் ஏன் பூசினீர்கள் என்று கேட்டேன். "நீங்கள்தானே தம்பி எத்தனை முறையும் பூசலாம் என்றீர்கள்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எப்படிப் பூசுகிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். இரண்டு டப்பியிலிருந்தும் விரலால் அள்ளி, உள்ளங்கையில் போட்டுக் கலந்து, கால் முனையிலிருந்து முழங்கால் வரை வெள்ளையாகப் படியும்படி தடவிக் காட்டினார். அதன்மேல் உடனே லைனர். மூடியிலிருந்த பேனை எழுத்து முதல் வாரத்திலேயே அழிந்துவிட்டதால் எது எது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே பூசியிருக்கிறார்.

மனைவி பையிலிருந்து ஒரு பொலித்தீன் பொதியை எடுத்துப் பிரித்தார். பிதுக்கித் தட்டையாக்கப்பட்ட பழைய குழாய்கள் ஒன்பது. "இதைத்தான் தம்பி முதலில் பூசினவர். மகனும் தொடை இடுக்கில் பூசுகிறான்" என்றார். குழாயின் மடிப்பில் பதிந்திருந்த சிறிய எழுத்தில் க்ளோபீட்டசோல் என்ற பெயரை வாசித்தபோதுதான் மூன்றரை மாதக் கதை முழுவதும் விளங்கியது.

தோலுக்குள் என்ன நடந்தது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் தவறியது இங்கேதான்.

மேற்றோலின் ஆக வெளியிலுள்ள அடுக்கு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மருந்துக்குப் பெரிய மதில் அதுதான். இறந்த தட்டைக் கலங்கள் செங்கல்லாகவும், இடையில் கொழுப்புகள் சாந்தாகவும் அடுக்கப்பட்ட சுவர் என்று நினைத்துக்கொள்ளலாம். மருந்து பெரும்பாலும் சாந்தின் வழியாகவே வளைந்து வளைந்து உள்ளே போகிறது. 500 டோல்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் இந்தச் சுவரைத் தாண்டுவது அரிது. ஸ்டீரொயிட்டுகள் அதற்குக் கீழே நிற்பவை, கொழுப்பில் கரைபவை. அவற்றுக்கு வழி கிடைக்கும்.

சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. 1967 இல் வெளியான ஓர் அளவீட்டில், முன்கையில் உறிஞ்சப்படும் ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, விதைப்பையில் 42, உள்ளங்காலில் 0.14 என்று கண்டார்கள். மகன் இடுக்கில் பூசிய அதே குழாய், தகப்பன் உள்ளங்காலில் பூசியிருந்தால் வேறு மருந்து போலத்தான் நடந்திருக்கும்.

இனிக் கிறீம். அது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த பால்மம். இவை தாமாகச் சேரா. இரண்டையும் பிடித்துவைக்க ஒரு பால்மமாக்கி தேவை. நாங்கள் கொடுக்கும் பெரும்பாலான கிறீம்களில் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. தோலில் தேய்த்ததும் தண்ணீர் ஆவியாகிறது, பால்மம் உடைகிறது, எஞ்சிய மெல்லிய படலத்தில் மருந்தின் செறிவு கூடுகிறது. சில நிமிடங்களில் தோலில் இருப்பது குழாயில் இருந்த பொருள் அல்ல. கிறீம் பூசினால் உலர்ந்து மறைந்துவிடும் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒயின்மென்ற் வேறு வகை. அதில் தண்ணீர் இல்லை, கொழுப்புப் படலமாகத் தோலை மூடி, உள்ளிருந்து வரும் ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. அதனால்தான் ஒரே மருந்து ஒரே வீதத்தில் இருந்தாலும் ஒயின்மென்ற் பெரும்பாலும் வலுவாக வேலை செய்கிறது.

இந்த வித்தியாசம் எல்லாம் தோல் காற்றுப்பட இருக்கும்போதுதான். கிறீமின்மேல் உடனே சிலிக்கன் உறை ஏறினால் தண்ணீர் எங்கே போகும்? ஆவியாக வழியில்லை. வியர்வையும் சேர்கிறது. சாதாரணமாகப் பத்துப் பதினைந்து வீதமளவு ஈரமுள்ள வெளியடுக்கு, அடைபட்டு ஊறும்போது ஐம்பது வீதம்வரை ஈரமேறும். செங்கல் வீங்குகிறது, சாந்து இளகுகிறது, சூடும் கூடுகிறது. இப்படி மூடிக்கட்டினால் ஸ்டீரொயிட் உட்செல்வது பத்து மடங்குவரை கூடலாம் என்பது தோல் வைத்தியத்தில் பழைய பாடம். கடினமான சொரியாசிஸ் தடிப்புகளுக்குக் களிம்பு பூசிப் பொலித்தீனால் சுற்றுவது இந்த நோக்கத்தோடுதான். நாங்கள் தெரியாமல் அதே சிகிச்சையை, தேவையில்லாத ஒருவருக்கு, நாளுக்குப் பதினைந்து மணிநேரம் செய்திருக்கிறோம்.

இரவில் பூசச் சொல்லியிருந்தால் போதாதா? இந்தக் கேள்வியை எங்கள் வைத்தியசாலையில் பலர் என்னிடம் கேட்டார்கள். ஸ்டீரொயிட்டுக்குப் போதாது. அது வெளியடுக்கிலேயே தேங்கி நிற்கும். 1963 இல் விக்கர்ஸ் என்ற தோல் ஆய்வாளர் காட்டியது இது: பூசி மூடிய மருந்தை எடுத்துவிட்டுப் பல நாள் கழித்து அதே இடத்தை, புதிதாக எதுவும் பூசாமல், மீண்டும் மூடினால் மருந்தின் விளைவு மறுபடி தோன்றுகிறது. தோலே குளம் போலச் சேமித்து வைக்கிறது, மூடுவது மதகைத் திறக்கிறது. அப்படியானால் இரவு பூசிய ஸ்டீரொயிட்டை மறுநாள் விடிய லைனர் திறந்துவிடும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து நாளுக்கு ஒரு 15 கிராம் குழாய் என்றார்கள். நாளுக்கு 3 கிராம். வயது வந்தவரின் சுட்டுவிரல் நுனி மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். அவருடைய எஞ்சிய கால் நாலு உள்ளங்கையளவு. ஒருமுறைக்கு ஒரு கிராம், இருமுறைக்கு இரண்டு என்பதே மேலெல்லை. க்ளோபீட்டசோலை நாளுக்கு 2 கிராம் பூசினாலே சிலருக்கு உடலின் சொந்த ஸ்டீரொயிட்டான கோட்டிசோலின் சுரப்புக் குறைவது அறியப்பட்ட விடயம். அதைத் தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் பூசக்கூடாது என்பது மருந்தோடு வரும் அறிவுறுத்தல். இவர் பூசியது பத்து வாரம், அதுவும் மூடி.

அடுத்தது ஏக்குவஸ் கிறீம். இது மருந்தற்ற வெறும் கிறீம், தீங்கில்லாதது என்று நாங்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டோம். அதன் பால்மமாக்கியில் சோடியம் லோரில் சல்பேற்று இருக்கிறது. ஷாம்புவில் நுரை எழுப்பும் அதே பொருள். கிறீமில் அது ஏறத்தாழ ஒரு வீதம். கழுவுவதற்குப் பயன்படுத்தி நீரால் அலசிவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை. பூசி விட்டுவிட்டால் சாந்துக் கொழுப்பைக் குலைத்து எரிச்சலைத் தரக்கூடும். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 இல், குறிப்பாக எக்சிமா உள்ள பிள்ளைகளைக் குறித்து, இதைப் பற்றி எச்சரித்தது. மெலிந்த தோலில், ஸ்டீரொயிட்டோடு கலந்து, உலரவே விடாத உறைக்குள் அதை வைத்தோம். அவருக்கு எரிந்தது இயல்பே. சுவரை ஒருபக்கம் இடித்துக்கொண்டு மறுபக்கம் ஸ்டீரொயிட்டுக்கு வழியும் திறந்துவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணமும்

அன்றே இரண்டு கிறீமும் நிறுத்தப்பட்டன. அவரை மாவட்டப் பொது வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு அனுப்பினோம். குழாய் ஒன்றையும் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். வாயால் சொல்வதைவிடக் குழாய் தெளிவாகப் பேசும்.

அங்கே மேல்விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கிளைத்த பங்கசு இழைகள் தெளிவாகத் தெரிந்தன. காலைக் கோட்டிசோல் அளவு கீழெல்லைக்கு அண்மையில் இருந்தது. மாற்று ஸ்டீரொயிட் கொடுக்கத் தேவையில்லை என்று நிபுணர் முடிவெடுத்தார். ஆனால் வாந்தி, கடும் சோர்வு, காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்று மனைவியிடம் விளக்கினார். வாயால் எடுக்கும் பங்கசு மருந்தான இட்ராகொனசோல் ஆறு வாரத்துக்கு எழுதப்பட்டது. பரப்புப் பெரிது, ஸ்டீரொயிட்டால் ஆழத்துக்குப் போயிருக்கிறது, கிழிந்த தோலில் பூச்சு மருந்தை நம்ப முடியாது என்பவை காரணங்கள். ஈரல் பரிசோதனை முதலில் செய்யப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தை எங்கள் யன்னலில் பிடித்தோம். அவர் வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல் எடுத்து வந்தார். இட்ராகொனசோல் கூடு வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டு ஒமிப்பிரசோலை நிறுத்தி, சாப்பாட்டோடு சேர்த்துக் கூட்டை விழுங்கச் சொன்னோம்.

பெரிய வாக்குவாதம் கால் பற்றியது. புண் ஆறும்வரை செயற்கைக் காலே வேண்டாம் என்பது எங்கள் வைத்தியரின் எண்ணம். நோயாளி மறுத்தார். செப்டெம்பரில் வயல் துப்புரவாக்கி, வரம்பு கட்டி, ஒக்டோபர் மழைக்குக் காலபோகம் விதைக்க வேண்டும். "ஒரு போகம் விட்டால் கடன் இரண்டு போகத்துக்குத் தொடரும் ஐயா" என்றார். உண்மை. கேட்டுத் தலையசைத்துவிட்டு வீட்டில் போய் மாட்டிக்கொள்ளும் சிகிச்சைத் திட்டத்தால் யாருக்கும் பயனில்லை. இறுதியில் ஒத்துக்கொண்டது இப்படி: முதல் இரண்டு வாரம் கால் முற்றாக இல்லை, ஊன்றுகோல் மட்டும். விதைப்புக்கான முன்வேலையை மனைவியின் தம்பி பார்ப்பார். மூன்றாம் வாரத்திலிருந்து நாளுக்கு நாலு மணிநேரம், நடுவில் ஒருமுறை கழற்றித் துடைத்து உலரவிட்டு மாட்டுவது.

பூச்சு விடயத்தில் விதி ஒன்றே: லைனர் ஏறும் தோலில் காலையில் எதுவும் இருக்கக்கூடாது. பங்கசுக்கான க்ளோட்ரிமசோல் கிறீம் இரவில் கால் கழற்றிக் கழுவி உலர்ந்தபின், விளிம்புக்கும் அதைச் சுற்றி இரண்டு விரலகலத்துக்கும். வறட்சிக்கு வெள்ளை மென்பரபின், அதுவும் இரவில், மிக மெல்லிதாக, காலையில் கழுவித் துடைத்துவிட வேண்டும். கொழுப்புப் படலம் மிஞ்சினால் லைனர் வழுக்கும். வழுக்கினால் உரசும்.

லைனரை ஒவ்வொரு இரவும் உட்புறத்தை வெளியே திருப்பி, மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். இதற்கு முன்பு அவர் வாரம் ஒருமுறைதான் கழுவினார். பெற்றபோது எப்படிக் கழுவுவது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் கையில் கிடைத்த தாளின் மொழி அவருக்குப் புரியாத மொழி.

வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொன்னோம். மகனுக்குத் தொடை இடுக்கில் கையகலப் படை, அதே மாறுவேடத்தில். மனைவிக்கு இடுப்பில் சேலை கட்டும் இடத்தில். துவாயும் சாரமும் ஒன்றாகப் புழங்கியவை. மூவருக்கும் ஒரே காலத்தில் மருந்து கொடுக்காவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு துவாய், வெயிலில் காயப்போடுவது என்று எழுதிக் கொடுத்தோம்.

தொடர்ந்து நடந்தவை

ஸ்டீரொயிட் நிறுத்திய முதல் பத்து நாள் கடினமானவை. சிவப்புக் கூடியது, கடி தாங்க முடியவில்லை. நிறுத்தினால் இப்படிக் கூடும், அது நோய் மோசமாவதன் அறிகுறி அல்ல என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இருந்தும் ஐந்தாம் நாள் மகனை நகரத்துக்கு அனுப்பி மறுபடி அதே குழாயை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். வாங்கி வந்த மகன் வீட்டுக்குக் கொண்டு போகாமல் நேரே எங்கள் யன்னலுக்குக் கொண்டு வந்தான். பதினெட்டு வயதுப் பையன். இந்த நிகழ்வில் சரியான நேரத்தில் சரியானதைச் செய்தவர்களில் முதல் பெயர் அவனுடையதுதான். அன்று மாலை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். ஈரத்துணி ஒத்தடமும் இரவுக்கு ஒரு கடி மாத்திரையும் அந்தக் கிழமையைக் கடக்க உதவின.

மூன்றாம் வாரம் கிழிந்த இடம் மூடியது. ஆறாம் வாரம் செதில் பரிசோதனையில் பங்கசு இழை இல்லை. கோட்டிசோல் வழமைக்கு வந்திருந்தது. ஒக்டோபர் கடைசியில் அவர் வரம்பில் நின்றார். விதைப்பு ஒரு வாரம் பிந்தியது. முன்வேலைக்குக் கூலி கொடுத்ததில் கைச்செலவு கூடியது. ஊதாக் கோடுகள் வெளிறிவிட்டன, ஆனால் போகவில்லை, போகவும் மாட்டா. முன்பக்கத் தோல் ஜனவரி வரை சிறு உரசலுக்கும் கன்றியது.

ஏப்ரலில் வெயில் ஏறியபோது பின்மடிப்பில் சிறு வட்டம் ஒன்று திரும்பத் தோன்றியது. இம்முறை நான்காம் நாளே வந்து காட்டினார். வட்டம் வட்டமாகவே இருந்தது, ஓரம் ஓரமாகவே இருந்தது. க்ளோட்ரிமசோல் நாலு வாரம் பூசியதோடு முடிந்தது.

இனி வேறுவிதமாகச் செய்பவை

முதல் நாளே செய்திருக்க வேண்டியது, கேட்டுவிட்டு விடாமல் குழாயைக் கொண்டுவரச் சொல்வது. கடையில் வாங்கிய களிம்பு என்ற பதில் கேள்வியின் தொடக்கம். இப்போது தோல் நோயோடு வருபவரிடம் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் டப்பிகளையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். கல்யாணத்துக்கு முகம் வெளுக்க என்று வாங்கிய கிறீம்களும் அந்தப் பைகளில் வருகின்றன. அவற்றில் சிலவற்றிலும் இதே வகை ஸ்டீரொயிட்டின் பெயரைப் பார்த்தேன். அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

ஏற்கெனவே ஸ்டீரொயிட் பட்ட தோலில் செதில் பரிசோதனை இல்லாமல் மறுபடி ஸ்டீரொயிட் கொடுப்பதில்லை என்று வைத்தியர் முடிவெடுத்தார். மற்றக் காலின் விரலிடுக்கும் தொடை இடுக்கும் பார்க்கப்பட வேண்டும். இவருடைய இடது காலின் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய படை இருந்ததைத் தோல் கிளினிக்கில்தான் கண்டார்கள். அனேகமாகத் தொடக்கம் அங்கே.

யன்னலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று கூடியிருக்கிறது: பூசிய இடத்தை எது மூடும்? லைனர், பிள்ளையின் நப்பி, இறப்பர் சப்பாத்து, இறுக்கமான கட்டு எதுவானாலும் துண்டில் எழுதி வைத்தியரிடம் திருப்பி அனுப்புகிறேன். ஏக்குவஸ் கிறீம் டப்பியில் "கழுவ மட்டும், பூசி விடவேண்டாம்" என்று ஒட்டுகிறோம். ஸ்டீரொயிட் டப்பிக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு வெள்ளை. சிவப்பு மூடிகள் முடிந்துபோகும் மாதங்களில் மூடியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டுகிறேன். பேனை எழுத்தை நம்புவதில்லை.

லைனர் பராமரிப்புக்குத் தமிழில் ஒரு பக்கத் தாளை, படங்களோடு, எங்கள் இயன்மருத்துவரும் நானும் எழுதினோம். இந்த நோயாளியிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தோம். "நிழலில் உலர்த்தவும்" என்ற வரியைச் சுட்டி, மழைக்காலத்தில் ஒரே இரவில் உலராது தம்பி, ஈரத்தோடுதான் மாட்ட வேண்டியிருக்கிறது, மாற்றி மாற்றிப் போட இரண்டாவது லைனர் வேண்டும் என்று எழுதுங்கள் என்றார். எழுதினோம். அவருக்கான இரண்டாவது லைனருக்கு விண்ணப்பித்து ஐந்து மாதமாகிறது. இன்னும் வரவில்லை. அதுவரை மழைநாட்களில் பழைய பருத்திக் காலுறைகளையும் பழைய சொக்கற்றையும் எடுத்து மாட்டிக்கொள்கிறார்.